அமரர் துன் வீ. தி. சம்பந்தன்

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் 1919-ஆம் ஆண்டு சூன் 16-ஆம் நாள் பிறந்தவர் துன் வீ. தி. சம்பந்தன். அவர்தம் தந்தையார் வீராசாமி 1896-இல் தமிழகத்திலிருந்து மலாயாவுக்கு வந்து, உழைப்பால் உயர்ந்து, ரப்பர்த் தோட்ட உரிமையாளரானவர். செல்வர் வீட்டுப் பிள்ளையாகிய சம்பந்தன் கோலகங்சாரில் கிளிஃபோர்டு பள்ளியிலும், பின்னர் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பயின்றார்.

படித்துத் திரும்பியவர் தம் சொத்தைப் பெருக்குவதில் கருத்தைச் செலுத்தவில்லை. தோட்டத்துப் பிள்ளைகளின் கல்வியே அவர் நெஞ்சில் நின்றது. 1954-இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. திருமதி விசயலட்சுமி பண்டிட் அதனைத் திறந்து வைத்தார். மறு ஆண்டே ம.இ.கா.வின் தலைவரான சம்பந்தன் 1973 வரை அப்பொறுப்பில் இருந்தார். தொழில், சுகாதாரம், பொதுப்பணி எனப் பல துறைகளின் அமைச்சராகவும் விளங்கினார். பதவிகளைக் காட்டிலும் நாம் நினைவிற் கொள்ளத்தக்க செயல் வேறொன்று உண்டு.

1957-இல் நாடு விடுதலை பெற்றதை ஒட்டி வெள்ளையர் பலர் தம் தோட்டங்களை விற்கத் தொடங்கினர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கிப் பலருக்கு விற்றனர். தோட்டம் துண்டானால் வேலை போகும். வேலையோடு லயத்து வீடும் போகும்; அது தோட்டத்துக்குச் சொந்தமானதன்றோ? ஆலயமும் பள்ளியும் கூட நிலைக்கும் என்று சொல்வதற்கில்லை. பிறந்து வளர்ந்த இடத்தை விட்டுச் சட்டி பானைகளோடு வெளியேறிய குடும்பங்களின் துயரை நம் தோட்டத்துப் பெரியவர்கள் நன்கறிவர்.

இதற்குச் சம்பந்தன் கண்ட வழி எளியது: விற்கப்படும் தோட்டத்தைத் தொழிலாளரே வாங்கிவிடுவது! 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு பங்கு 100 வெள்ளி. அதனைப் பத்துப் பத்து வெள்ளியாகவும் செலுத்தலாம். ஆயிரம் பேர் சேர்ந்தாலும் கிடைப்பது ஓர் இலட்சம் வெள்ளியே. பெருந்தோட்டம் ஒன்றை வாங்க அது எம்மூலைக்கு? எனவே பல்லாயிரவரைச் சேர்த்தாக வேண்டியிருந்தது. அமைச்சராயிருந்தும் அவர் தோட்டந்தோட்டமாகச் சென்று உறுப்பினர் சேர்த்தார். துணைவியார் தோ புவான் உமா அவர்களும் உடன் சென்றார். நாள் கூலியில் மிச்சம் பிடித்துப் பத்து வெள்ளியைக் கொடுக்க நம்பிக்கை வேண்டும். அமைச்சரின் பேச்சைவிட, வீட்டுச் செலவின் அருமை தெரிந்த அவ்வம்மையார் உடன் வந்து நின்றதே தாய்மார்களின் மனத்தை இளகச் செய்திருக்கும் என்பது எமது எண்ணம்.

சங்கம் முதலில் வாங்கியது கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம். அங்கே பால்மரம் வெட்டியவரே அதன் பங்குதாரருமாயினர். தொடர்ந்து மேலும் பல தோட்டங்கள் சங்கத்தின் கைக்கு வந்தன. ஒரு குடும்பத்தின் மூத்தவர் எல்லார்க்கும் கூரை இருக்கிறதா என்று பார்ப்பது போல அவர் பார்த்தார்.

அறுபது வயது நிறையும் முன்னரே, 1979-ஆம் ஆண்டு மே 18-ஆம் நாள், துன் அவர்கள் இயற்கை எய்தினார். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் ஒரு சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. தந்தையின் வரலாற்றை அவர்தம் மகளார் பின்னாளில் ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். பத்து வெள்ளியில் தொடங்கிய அச்சங்கமோ இன்றும் இயங்கி வருகிறது.