பியேர் புடான்: தாய்மாரை உள்ளே அழைத்த மருத்துவர்

என் தம்பி பிறந்தது 1995 நவம்பரில். வலிகாமத்தை விட்டு வெளியேறி மூன்றாவது கிழமை. தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில், எட்டாம் மாதத்திலேயே அம்மாவுக்கு வலி எடுத்துவிட்டது. குடாநாட்டில் மின்சாரம் நின்று ஐந்து வருடம் ஆகியிருந்த காலம். இன்கியுபேற்றர் என்ற சொல்லை அங்கே யாரும் வாயெடுத்துச் சொல்லவில்லை. அம்மம்மா பிள்ளையைத் துடைத்து, அம்மாவின் சட்டைக்குள் நெஞ்சோடு நெஞ்சாகப் படுக்க வைத்து, மேலே பழைய பருத்திச் சீலையால் சுற்றிக் கட்டினார். அம்மா களைத்துப்போனால் தம்பி அம்மம்மாவின் நெஞ்சுக்கு மாறுவான். பாலைப் பீச்சிக் கரண்டியால் சொட்டுச் சொட்டாகப் பருக்கினார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. சீலைக்கு வெளியே தெரிந்த அவனுடைய தொப்பி மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது.

வேறு வழியில்லாமல் செய்த காரியம் என்றுதான் அம்மா இன்றைக்கும் சொல்வார். குறைமாதப் பிள்ளைகள் பற்றி ஒரு கட்டுரைக்காக வாசித்தபோது, பிரெஞ்சு மருத்துவர் பியேர் புடானின் வாழ்க்கையில் வந்து நின்றேன். அதற்குப் பிறகு அம்மாவின் அந்தச் சொல்லை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை.

புடான் 1846 நவம்பரில் பிரான்சின் வாஸ் பகுதியில் ஒரு சிறு கிராமத்தில் பிறந்தவர். பாரிஸில் மருத்துவம் படித்து மகப்பேற்றுத் துறைக்குப் போனார். அவருடைய ஆசான் ஸ்தெபான் தார்னியே. 1870இல் பிரஷ்யாவுடன் மூண்ட போரில் பிரான்ஸ் தோற்றது; பாரிஸ் முற்றுகைக்குள் மாதக்கணக்கில் பசியில் கிடந்தது. போருக்குப் பிறகு அந்த நாடு தன் பிள்ளைகளை எண்ணத் தொடங்கியது. பிறப்பு குறைவு, சிசு மரணம் அதிகம், நாளைக்குப் படைக்கு ஆள் எங்கே என்பதுதான் அரசின் கவலை. பிள்ளைகளைக் காப்பாற்றப் பணமும் கட்டடமும் வந்தது இந்தக் கணக்கினால் என்பதை நாங்கள் மறக்கத் தேவையில்லை.

தார்னியே பாரிஸ் விலங்குக் காட்சிச்சாலையில் கோழிக்குஞ்சு பொரிக்கும் சூட்டுப்பெட்டியைப் பார்த்தார். அதுபோலவே பிள்ளைகளுக்கும் ஒன்று செய்விக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. 1880ஐ ஒட்டிய காலத்தில் அது பாரிஸ் மகப்பேற்று மருத்துவமனைக்கு வந்தது. பின்னர் எளிமையான ஒன்றும் செய்தார்கள்: மரப்பெட்டி, கண்ணாடி மூடி, அடியில் சுடுநீர் நிரப்பிய சாடிகள், காற்றில் ஈரம் இருக்க ஒரு நனைந்த கடற்பஞ்சு. சாடி ஆற ஆற மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1883இல் வெளியான கணக்கின்படி, 2000 கிராமுக்குக் குறைந்த பிள்ளைகளில் முன்பு 66 வீதமானோர் இறந்தார்கள். பெட்டி வந்த பிறகு அது 38 வீதமாகக் குறைந்தது.

அதே மருத்துவமனையில் தலைமை மருத்துவிச்சியாக இருந்த மதாம் ஆன்றி, 1893இல் நலிந்த பிள்ளைகளுக்கென்று தனி விடுதி ஒன்றைத் தொடங்கினார். வரலாற்றில் அவருடைய பெயர் அநேகமாக ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. ஆனால் நகரெங்குமிருந்து வந்த பிள்ளைகளை ஏற்றுக்கொண்டது அந்த விடுதிதான். குளிரில், துணியில் சுற்றி, தெருத்தெருவாகக் கொண்டுவரப்பட்ட பிள்ளைகள் அவை. பலர் வந்து சேர்ந்ததும் இறந்துபோனார்கள்.

1895இல் அந்த விடுதி புடானின் பொறுப்புக்கு வந்தது. அவர் செய்த முதல் வேலை, வரும் ஒவ்வொரு பிள்ளையின் உடல் வெப்பத்தையும் நிறையையும் எழுதிவைத்தது. அந்தக் கொப்பியிலிருந்து ஒரு கொடுமையான உண்மை வெளிப்பட்டது. 1500 கிராமுக்குக் குறைந்த பிள்ளை, உடல் வெப்பம் 32 பாகையளவுக்கு இறங்கிய நிலையில் வந்தால், அநேகமாகப் பிழைப்பதில்லை. அந்த வெப்பம் இழக்கப்பட்டது பிறந்த இடத்திலிருந்து மருத்துவமனைக்கு வரும் வழியில். சூடு, பால், தொற்று என்ற மூன்றும்தான் குறைமாதப் பிள்ளையின் உயிரைத் தீர்மானிக்கின்றன என்று அவர் வகுத்தார். நோயுற்ற பிள்ளைகளை மற்றவர்களிடமிருந்து பிரித்து வைத்தார். பாலின் சுத்தத்தையும் பணியாளர்களின் கைச் சுத்தத்தையும் கடுமையாக்கினார்.

இவை நல்ல மருத்துவர் எவரும் செய்யக்கூடியவை. புடான் வேறு ஒன்றையும் கவனித்தார். அதற்காகத்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன். பெட்டிக்குள் பிள்ளை பிழைக்கிறது. ஆனால் வாரக்கணக்கில் பிள்ளையைத் தொடாமல், பால் கொடுக்காமல் இருந்த தாய்மார் பலர் மெல்ல மெல்லப் பிள்ளையிடமிருந்து விலகிப்போனார்கள். சிலர் பிள்ளையைக் கூட்டிப்போகவே வரவில்லை. அந்தக் காலத்துக் கனவான்கள் இதை ஏழைப் பெண்களின் ஒழுக்கக்கேடு என்று பேசி முடித்திருப்பார்கள். புடான் தாயைக் குற்றம் சொல்லவில்லை, பிரிவைக் குற்றம் சொன்னார். பெட்டியின் சுவர்களைக் கண்ணாடியால் அமைத்து, தாய் பக்கத்தில் நின்று பிள்ளையைப் பார்க்க வழிசெய்தார். வந்து போகும்படி தாய்மாரை ஊக்கினார். தன் பிள்ளைக்கு உறிஞ்சத் தெம்பில்லை என்றால் தாயின் பால் வற்றிவிடும். அதனால் நிறைமாதத்தில் பிறந்த வேறொரு பிள்ளைக்கு அவள் பால் கொடுக்கட்டும், தன் பிள்ளை தேறும்போது பால் காத்திருக்கும் என்றார்.

அதற்கு முன்பே, 1892இல், ஷரித்தே மருத்துவமனையில் அவர் ஒரு கிளினிக் தொடங்கியிருந்தார். அங்கே பிரசவித்த தாய்மார் வீடு போன பிறகும் பிள்ளையைத் தவறாமல் கொண்டுவர வேண்டும், நிறை பார்ப்பார்கள், தாய்ப்பாலை வற்புறுத்துவார்கள், முடியாதவர்களுக்குக் கிருமி நீக்கிய பால் கொடுப்பார்கள். எங்கள் ஊர்களில் நிறை பார்க்கப் பிள்ளையைக் கிளினிக்கிற்குத் தூக்கிப்போகிறோமே, அந்த வழக்கத்தின் ஆரம்பங்களில் ஒன்று இது.

1898இல் பேராசிரியரானார். 1900இல் தன் விரிவுரைகளை நூலாக்கினார். 1902இல் சிசு மரணத்துக்கு எதிரான சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரானார். 1907 ஜனவரியில் மார்செய் நகரில் இறந்தபோது அவருக்கு வயது 60.

அவருக்குப் பிறகு நடந்தது அவருக்குப் பிடித்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். பெட்டி உலகமெங்கும் போனது, தாய் போகவில்லை. தன்னைப் புடானின் மாணவர் என்று சொல்லிக்கொண்ட மார்ட்டின் கூனி, அமெரிக்காவின் கோனித் தீவில் 1903இலிருந்து 1943 வரை, பார்வையாளரிடம் 25 சதம் வாங்கிக்கொண்டு குறைமாதப் பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் காட்சிக்கு வைத்தார். பெற்றோரிடம் காசு வாங்கவில்லை, ஆயிரக்கணக்கில் உயிர்களையும் காப்பாற்றினார். ஆனால் பராமரிப்பில் தாய்க்கு இடமில்லை. பின்னர் வந்த மருத்துவமனைகள் தொற்றுக்குப் பயந்து தாயை வெளியே நிறுத்தின. தாய் பார்ப்பதற்காகப் புடான் வைத்த கண்ணாடி, தாயைத் தடுக்கும் சுவராயிற்று.

சுவரில் துளை விழுந்தது கொலம்பியாவில். 1978இல் பொகோட்டாவின் தாய் சேய் மருத்துவமனையில் பெட்டிகள் போதவில்லை. ஒரு பெட்டிக்குள் இரண்டு மூன்று பிள்ளைகள். தொற்று ஒருவரிலிருந்து மற்றவருக்கு. கைவிடப்படும் பிள்ளைகள் வேறு. வைத்தியர் எட்கார் ரே பிள்ளைகளைத் தாய்மாரின் வெறும் நெஞ்சில், தோலோடு தோலாக வைக்கச் சொன்னார். கங்காரு முறை என்று பெயர் வந்தது. ஏழை நாட்டுக்கான ஏழை வைத்தியம் என்று பலர் ஒதுக்கினார்கள். கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வு 2021இல் வெளியானது. 1000 முதல் 1799 கிராம் வரையான பிள்ளைகளைப் பிறந்தவுடனேயே இப்படி வைத்தபோது, முதல் 28 நாள் மரணம் 15.7 வீதத்திலிருந்து 12 வீதமாகக் குறைந்தது. ஒப்பிட்ட மற்றப் பிள்ளைகளும் மருத்துவமனைப் பராமரிப்பில் இருந்தவர்களே. தானாக மூச்சுவிட முடியாத பிள்ளைக்கு இயந்திரம்தான் வேண்டும், அதில் மயக்கம் கூடாது. மற்றப் பிள்ளைகளுக்குப் பிறந்ததுமே இதைத் தொடங்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. அந்த ஆய்வில் எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு: தாய்க்கும் அதிதீவிர சிகிச்சை விடுதிக்குள்ளேயே, பிள்ளையின் பக்கத்தில் ஒரு கட்டில் போட்டார்கள்.

கடந்த வருடம் வேறொரு செய்திக்காக ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். குறைமாதப் பிள்ளைகளின் விடுதிக்கு வெளியே, சத்திரசிகிச்சை முடிந்து மூன்றாம் நாள் ஒரு இளம் தாய் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார். பால் கொடுக்கும் நேரத்துக்கு மட்டும் உள்ளே விடுவார்களாம், இன்னும் ஒரு மணித்தியாலம் இருக்கிறதாம். இருப்பதற்கு அங்கே கதிரை இல்லை. தாதியிடம் கேட்டேன். பாவம், அவரும் தன் கதிரையைத்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.