தஞ்சை வேதநாயக சாஸ்திரியார்

குறவஞ்சி என்னும் தமிழ்ச் சிற்றிலக்கியத்தைக் கிறித்தவ வழிபாட்டின் முற்றத்திற்கு அழைத்து வந்த பாவலர் வேதநாயக சாஸ்திரியார் ஆவார். 1774-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். இவருடைய தந்தையார் தேவசகாயம் சைவத்திலிருந்து கிறித்தவம் தழுவியவர். திருநெல்வேலிக்கு வந்த ஜெர்மானியக் குரு சுவார்ட்ஸ், சிறுவனின் அறிவுக் கூர்மையைக் கண்டு, பன்னிரண்டாம் வயதில் தஞ்சைக்கு அழைத்துச் சென்றார். பின்னாளில் அரியணை ஏறிய சரபோசியும் அக்குருவின் அரவணைப்பில் வளர்ந்தவரே. இவ்விருவருக்கும் இடையே அரும்பிய நட்பு இறுதிவரை நிலைத்தது.

இளமையிலேயே ஆசிரியப் பணி ஏற்ற வேதநாயகர் 1798-இல் குருவை இழந்தார். எனினும் பாட்டுப் பணி தளரவில்லை. பெத்லகேம் குறவஞ்சி இவருடைய புகழை நிலைநாட்டியது. திருக்குற்றாலக் குறவஞ்சியின் வழிநின்று, உலா வரும் தலைவனாகக் கிறித்துவையும், அவர்மேல் காதல் கொண்ட தேவமோகினியாகத் திருச்சபையையும் அமைத்தார். குறி சொல்லும் சிங்கி விசுவாசமாகிறாள். புள் பிடிக்கும் சிங்கன் நற்செய்தி வலை விரிக்கும் போதகனாகிறான். அக்கால மேனாட்டு வானநூலும் பூகோளமும்கூடப் பாட்டில் இடம்பெற்றன. அவர் இயற்றிய நூல்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை என்பர்.

1820-களில் புதிய தலைமுறைக் குருமார் வந்தனர். பழகிய வேதாகம மொழிபெயர்ப்பைத் திருத்துதல், திருவிருந்தில் சாதிப் பிரிவை நீக்குதல், விழாக்களில் பூவை விலக்குதல், வழிபாட்டில் தமிழிசையைத் தடுத்தல் ஆகிய நான்கினையும் அவர் கடுமையாக எதிர்த்து எழுதினார். தமிழிசைக்காக அவர் வாதாடியதைக் காலம் மெய்ப்பித்தது. திருவிருந்தில் சாதிப் பிரிவைக் காக்க முயன்றதோ அவர் வாழ்வில் படிந்த மாசு. ஒரே அப்பத்தைப் பகிர வந்தோரைப் பிரித்துவைக்கும் அவ்வாதத்தை அவருடைய பாடல்களின் இனிமை மறைத்துவிட முடியாது.

இப்பூசலின் முடிவில், 1829-இல், முதுமையை எட்டிய நிலையில், திருச்சபைப் பணியிலிருந்து நீக்கப்பட்டார். சபை கைவிட்டவரைச் சரபோசி மன்னர் அவைக்களப் புலவராக்கி ஆதரித்தார். ஆனால் அவ்வாதரவிலும் சோதனை இருந்தது. மன்னர் தம் தெய்வத்தின்மேல் பாட வேண்டியபோது, இயேசுவையன்றிப் பிறரைப் பாடேன் என்று பணிவுடன் மறுத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. மன்னர் சினங் கொள்ளாது அவ்வுறுதியை மதித்தார் என்றும் கூறுவர். வாழ்வளித்த கைக்காகவும் பாட்டுடைத் தலைவனை மாற்றாத புலவர் அவர். வெளியேற்றிய சபையின் மேலுள்ள வருத்தத்தால் அச்சபையின் ஆண்டவரைப் பாடுவதை நிறுத்தியவரும் அல்லர்.

1832-இல் சரபோசியும் மறைந்தார். கவிராயரின் பாட்டோ ஓயவில்லை. 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் என்னும் குரு தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, அவற்றுள் பெரும்பகுதி சாஸ்திரியாருடையவையாக இருந்தன. வழிபாட்டில் தடுக்கப்பட்ட தமிழிசை, அவர் கண்முன்னரே வழிபாட்டு நூலாயிற்று. 1855-இல் தஞ்சை அரசு முடிவுற்றதையும் கண்டபின், 1864-இல் தொண்ணூறாம் அகவையில் இயற்கை எய்தினார்.

குருவும் மன்னரும் சென்றனர். பதவியும் அரசும் அழிந்தன. அவர் பாடிய கீர்த்தனைகளோ, அவரை அறியாதோர் நாவிலும், அன்று அவர் விலக்கிவைக்க முயன்றோரின் வழித்தோன்றல்கள் நாவிலும் ஞாயிறுதோறும் ஒலிக்கின்றன. பாவலனின் குறையையும் கடந்து எல்லோர்க்கும் உரியதாய் நின்றது அப்பாட்டு.