'தக்' கும்பலைச் சாய்த்த வம்சாவளிப் பட்டியல்: யார் இந்த ஸ்லீமன்?

இன்று சினிமா டைட்டில் வரை வந்துவிட்ட 'தக்' என்ற சொல், 200 வருடங்களுக்கு முன்பு வட இந்தியச் சாலைகளில் மரண பயம் தந்த சொல். வழிப்போக்கர்களோடு நட்பாகச் சேர்ந்து நடப்பார்கள். நம்பிக்கை வந்ததும் துணியால் கழுத்தை நெரித்து, அங்கேயே புதைத்துவிட்டு, பொருளோடு கிளம்பிவிடுவார்கள். புகார் கொடுக்க ஆளே மிஞ்சாது.

இந்தக் கும்பல்களை உடைத்தவர் வில்லியம் ஹென்றி ஸ்லீமன். 1788-ல் இங்கிலாந்தின் கார்ன்வாலில் பிறந்து, 1809-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படைக்கு வந்தவர். 1822-ல் இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள நரசிங்பூர் மாவட்டம் அவர் பொறுப்பில் வந்தது. அங்கே நடக்கும் சின்னத் திருட்டுகூட அவருக்குத் தெரிந்துவிடும். ஆனா, தன் கச்சேரியிலிருந்து 400 கஜ தூரத்தில் ஒரு தக் கும்பல் குடியிருந்தது மட்டும் தெரியவில்லை! பல வருடம் கழித்துதான் தெரிந்தது.

1830-ல் வேட்டை சூடுபிடித்தது. எத்தனை பேர் என்று தலையை எண்ணுவதோடு ஸ்லீமன் நிற்கவில்லை. யார் யாருடைய மகன், யாருக்கு யார் மச்சான், எந்தப் பயணத்தில் யார் யாரோடு போனார்கள் என்று தோண்டினார். பிடிபட்டவர்களை அப்ரூவர் ஆக்கி, வம்சாவளிப் பட்டியல் போட்டார். கொலை நடந்த இடங்களை மேப்பில் குறித்தார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் வாக்குமூலத்தோடு ஒப்பிட்டார்.

ஃபெரிங்கியா என்ற தலைவன் சிக்கியதும் இந்த உறவுக் கணக்கில்தான். அவனுடைய குடும்பத்தைப் பிடித்து வைத்ததால், அவனால் தூரமாக ஓட முடியவில்லை. அப்ரூவராக மாறிய அவன் காட்டிய ஒரு மாந்தோப்பில், ஸ்லீமன் மனைவியோடு தங்கியிருந்த கூடாரத்துக்கு அடியிலேயே சடலங்கள் கிடைத்தன. அதன் பிறகு கும்பல்கள் மளமளவென்று சரிந்தன.

ஆனா இந்த முறைக்கு இன்னொரு முகமும் உண்டு. 1836-ல் வந்த சட்டப்படி, கொலையில் பங்கு இருக்கிறதா என்று நிரூபிக்கத் தேவையில்லை. தக் கும்பலைச் சேர்ந்தவர் என்றாலே ஆயுள் தண்டனை. பட்டியலில் ஒரு பெயர் ஏற, தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள நினைக்கும் அப்ரூவரின் வாய் போதும். தக் பற்றிய கதைகளில் பாதி கம்பெனி அதிகாரிகள் ஊதிப் பெருக்கியது என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் இருக்கிறார்கள். ரத்த உறவை வைத்தே ஆளைச் சந்தேகிக்கும் இந்தப் பார்வை, 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டமாகவே வந்து நின்றது.

அப்ரூவர்களுக்கும் தூக்கு தப்பியதே தவிர, விடுதலை இல்லை. ஜபல்பூரில் கூடாரம் தைத்து, கம்பளம் நெய்து காலம் தள்ளினார்கள். லக்னோவில் ரெசிடென்ட் பதவி வரை உயர்ந்த ஸ்லீமன், ஊர் திரும்பும் வழியில் 1856 பிப்ரவரியில் இலங்கை அருகே கப்பலிலேயே இறந்தார். மத்தியப் பிரதேசத்தில் ஸ்லீமனாபாத் என்ற ஊர் இன்றும் இருக்கிறது.