திரும்பக் கிடைக்காத சீருடை: ஷா நவாஸ் கான்

கேமரன் மலையின் தேயிலைத் தோட்டங்களில் வளரும் இளைஞர்கள் சிலருக்கு, தோட்டத்தைத் தாண்டிய உலகத்திற்குப் போகும் வழிகளில் சீருடைப் பணியும் ஒன்று. இராணுவத்தில் சேர்வது எளிதல்ல. சேர்ந்த பிறகு ஒழுங்கு மீறினார் என்ற குறிப்போடு வெளியேற்றப்பட்டால், மீண்டும் உள்ளே போவது அதைவிடக் கடினம். பெரும்பாலும் அந்தக் கதவு திறப்பதே இல்லை. அப்படி மூடப்பட்ட ஒரு கதவுக்கு வெளியே நின்றவர் ஷா நவாஸ் கான். அவருடைய வாழ்க்கையின் திசை மாறியது நம் மலாயா மண்ணை ஒட்டி நடந்த போரில்தான்.

1914 ஜனவரி 24 அன்று, இன்று பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டி மாவட்டத்தின் மட்டோர் கிராமத்தில் அவர் பிறந்தார். படையில் பணியாற்றுவதையே பெருமையாகக் கருதிய குடும்பம் அது. அப்பாவும் படைவீரர். டேராடூன் இராணுவக் கழகத்தில் பயிற்சி முடித்த ஷா நவாஸ், 14ஆவது பஞ்சாப் படைப்பிரிவில் அதிகாரியானார். பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருப்பேன் என்று அவர் எடுத்த உறுதிமொழிதான் பின்னாளில் அவருக்கு எதிராக நின்றது.

1942 ஜனவரி இறுதியில் அவர் சிங்கப்பூரில் வந்து இறங்கியபோது மலாயா ஏறக்குறைய ஜப்பானியர் கைக்குப் போய்விட்டது. பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து, ஃபேரர் பார்க் திடலில் பல்லாயிரம் இந்தியப் படைவீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அங்கேதான் கேப்டன் மோகன் சிங், இந்திய விடுதலைக்காகப் போரிடும் படையில் சேரும்படி அவர்களை அழைத்தார்.

ஷா நவாஸ் உடனே சேர்ந்துவிடவில்லை. முதல் சில மாதங்கள் அந்த முயற்சியை எதிர்த்தார். பிறகு, உள்ளே இருந்துகொண்டே அதைக் குலைக்கலாம் என்ற எண்ணத்தோடு சேர்ந்தார். 1943இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்த பிறகு அவருடைய மனம் முழுமையாக மாறியது. மன்னரா, நாடா என்ற கேள்விக்கு அவர் நாடு என்று விடை கண்டார். இதற்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பது படை அதிகாரியான அவருக்குத் தெரியாததல்ல.

அதே காலத்தில் மலாயாவின் தோட்டப்புறங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ் இளைஞர்கள் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தார்கள். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தார்கள். ஒரு முக்கிய வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும். தோட்டத்திலிருந்து போனவர்கள் மன்னருக்கு எந்தப் படை உறுதிமொழியும் கொடுத்தவர்கள் அல்லர். ஷா நவாஸ் கொடுத்தவர். ஒரே கொடியின் கீழ் நின்றாலும், பிரிட்டிஷ் இராணுவச் சட்டத்தின் பார்வையில் அவர் செய்தது வேறு வகைக் குற்றம்.

1944இல் அவர் சுபாஷ் படைப்பிரிவை வழிநடத்தி, பர்மாவின் சின் மலைப்பகுதியில் போரிட்டார். உணவும் மருந்தும் இல்லாமல் நோயால் மடிந்தவர்கள் ஏராளம். 1945 மே மாதம் பெகு அருகே அவர் பிடிபட்டார்.

போர் முடிந்ததும் பிரிட்டிஷார் பிடிபட்ட வீரர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தார்கள். விசுவாசம் மாறாதவர்கள் என்று கருதப்பட்ட வெள்ளைப் பிரிவினர் பணிக்குத் திரும்பினார்கள். சாம்பல் பிரிவினர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். கறுப்புப் பிரிவினர் சம்பளப் பாக்கியையும் இழந்து நீக்கப்பட்டார்கள். ஒரு நிறத்தின் பெயர் ஒரு மனிதனின் எதிர்காலத்தையே முடிவு செய்தது.

1945 நவம்பர் 5ஆம் நாள் டெல்லி செங்கோட்டையில் இராணுவ நீதிமன்ற விசாரணை தொடங்கியது. ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவரும் ஒன்றாக நிறுத்தப்பட்டார்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். நாடு முழுவதும் கொந்தளித்தது. புலாபாய் தேசாய் வாதாடினார். பல ஆண்டுகளாக வழக்கறிஞர் அங்கியைத் தொடாத ஜவஹர்லால் நேருவும் அதை அணிந்து அவர்கள் தரப்பில் வந்து அமர்ந்தார்.

மூவருக்கும் ஆயுள் தண்டனை, பதவிப் பறிப்பு, சம்பளப் பாக்கி இழப்பு என்று தீர்ப்பானது. மக்கள் எழுச்சியைக் கண்ட தலைமைத் தளபதி ஆக்கின்லெக், 1946 ஜனவரி 3இல் ஆயுள் தண்டனையை ரத்து செய்தார். ஆனால் பதவிப் பறிப்பை ரத்து செய்யவில்லை. மூவரும் விடுதலையானார்கள், தெருவெங்கும் மாலைகள் விழுந்தன. மக்கள் பார்வையில் அவர்கள் வீரர்கள். இராணுவ ஏட்டில் அவர்கள் அவமதிப்போடு நீக்கப்பட்டவர்கள்.

1947இல் இந்தியா விடுதலை பெற்றது. இனி சொந்த நாட்டின் படைதானே, இந்திய தேசிய இராணுவத்தினரைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற கோரிக்கை வலுவாக எழுந்தது. 1948இல் நேரு அரசு அதை ஏற்க மறுத்தது. அவர்கள்மீது இருந்த தடைகள் நீக்கப்பட்டு, வேறு அரசுப் பணிகளுக்கு வழி திறக்கப்பட்டது. படைக்குள் மட்டும் இடம் இல்லை. அவர்களுக்காக அங்கி அணிந்த அதே நேருதான் இந்த முடிவை எடுத்தார்.

இது நன்றி மறந்த செயலா? அப்படிச் சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மறுபக்கமும் உண்டு. இடையில் பல ஆண்டுகள் கடந்துவிட்டன. உறுதிமொழியை மீறாமல் பணியில் நீடித்தவர்களும், மீறிப் பிரிந்தவர்களும் ஒரே உணவுக்கூடத்தில் அமர வேண்டியிருக்கும். உயர்ந்த காரணத்திற்காக உறுதிமொழியை மீறலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், அடுத்து மீறுபவரும் ஒரு காரணத்தோடுதான் வருவார் என்று இராணுவம் அஞ்சியது. இரண்டு பக்கமும் நியாயம் இருந்ததால்தான் அந்த முடிவு வலித்தது.

ஷா நவாஸுக்கு இழப்பு அதோடு நிற்கவில்லை. பிரிவினையில் அவருடைய சொந்த ஊர் பாகிஸ்தானுக்குப் போனது. அவர் இந்தியாவைத் தேர்ந்தெடுத்தார். சீருடையும் இல்லை, பிறந்த மண்ணும் இல்லை என்ற நிலையில் பொதுவாழ்வில் இறங்கினார். 1952இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் மீரட் தொகுதியில் வென்றார். துணை அமைச்சரானார். 1956இல் நேதாஜியின் மறைவு பற்றி ஆராய்ந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1983இல் காலமானார்.

மலாயாவிலும் இதே பாடத்தைக் காணலாம். இந்திய தேசிய இராணுவ இயக்கத்தில் இருந்த ஜான் திவி, 1946இல் மலாயா இந்தியர் காங்கிரஸின் முதல் தலைவரானார். ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பனும் அக்கட்சியின் தொடக்கத்தில் பங்கேற்றார். தோட்டங்களுக்குத் திரும்பிய எத்தனையோ வீரர்களுக்கு ஓய்வூதியமும் இல்லை, திரும்பிச் சேரப் படையும் இல்லை. மறுநாள் காலையில் பெரட்டுக்குப் போய் நின்றார்கள்.

ஷா நவாஸின் நீக்கத்தையும், கைகலப்பாலோ வராமையாலோ ஒருவர் நீக்கப்படுவதையும் சமமாக வைக்க முடியாது. ஆனால் இரண்டிலும் பதிவேடு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. மேல்முறையீட்டுக்கு வழி இருந்தால் அதை முறையாகப் பயன்படுத்த வேண்டும். முடிவு மாறாது என்று தெரிந்த பிறகு, எந்தச் சேவைக்காகச் சீருடையை விரும்பினோமோ அந்தச் சேவைக்கு வேறு வாசல் எது என்று தேட வேண்டும். இராணுவம் திரும்ப ஏற்காத கேப்டன், இராணுவத்தின் நிதிநிலைக்கே ஒப்புதல் தரும் நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் உறுப்பினராக அமர்ந்திருந்தார்.