காற்புள்ளி வைத்த நாவலர்

ஏட்டுச்சுவடியில் காற்புள்ளி கிடையாது. மெய்யெழுத்துக்கே பெரும்பாலும் புள்ளி இருக்காது. இடம் பார்த்து நிறுத்திப் படிக்கப் புலவரால்தான் முடியும். அச்சுத் தமிழில் அந்தக் கஷ்டத்தைக் குறைத்த முன்னோடி, யாழ்ப்பாணம் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர் (1822–1879).

பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் ஆங்கிலம் படித்து, அவருடைய விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணை நின்றார். சைவராகவே வாழ்ந்தார். 1848-இல் வண்ணார்பண்ணையிலும், 1864-இல் சிதம்பரத்திலும் பள்ளி தொடங்கினார். பிள்ளைகளுக்குப் பாலபாடம் எழுதினார், பெரியபுராணத்தை வசனமாக்கினார். ஆங்கில நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடைக்குப் பழக்கினார்.

நம்ம ஆம்பூர், ராணிப்பேட்டை கம்பெனிகளில் வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளே! ‘மெல்லிய தோல் பை’ என்று ஆர்டரில் எழுதினால், மெல்லியது தோலா, பையா? ‘மெல்லிய, தோல் பை’ என்றால் பைதான். தோலை வெட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை. அதனால் கையெழுத்துப் போடுமுன், நாவலரை நினைத்து ஒருதரம் வாய்விட்டுப் படிச்சுப் பாருங்க.