சதுர அடிக்கு நாலணா



நம் மலருக்குக் கட்டுரை கேட்டபோது எல்லாரும் கலாம் ஐயாவையும் காமராஜரையும் எடுத்துக்கொண்டார்கள். நான் உசேன்னு பேர் கொடுத்ததும், சதாம் உசேனான்னு ஒருத்தன் கேட்டான். இல்லை. இவர் ஓவியர் எம்.எஃப். உசேன். முழுப்பெயர் மக்பூல் ஃபிதா உசேன். வெள்ளைத் தாடி, கையில் ஆளுயரத் தூரிகை, காலில் செருப்பு கிடையாது. குதிரை வரைபவர் என்று பலர் அறிவார்கள். அவர் சினிமா பேனர் வரைந்து கூலி வாங்கியவர் என்பதும், கதையே இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பெரிய பரிசு வாங்கியவர் என்பதும் எனக்கே போன வருஷம்தான் தெரியும்.

எனக்கு ஏன் இவர் மேல் ஆசை என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்க அப்பாவும் பேனர் ஆர்ட்டிஸ்ட். செஞ்சியில் தியேட்டர் பேனர், கட்சித் தட்டி, கடை போர்டு எல்லாம் எழுதினவர். ஃபிளெக்ஸ் வந்த பிறகு அந்தத் தொழில் போச்சு. இப்போ வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கப் போறார். நான் முதலாமாண்டு சேரும்போது ஃபாரத்தில் தந்தை தொழில் என்ற இடத்தில் கூலி என்றுதான் எழுதினேன். எங்க வீட்டில் ஃபாரம் நிரப்பத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், அதனால் யாரும் பார்க்கவில்லை.

உசேன் பிறந்தது 1915 செப்டம்பர் 17, மகாராஷ்டிராவில் பண்டரிபுரத்தில். நம்ம ஊர் பஜனைகளில் வருகிற பாண்டுரங்கன் இருக்கும் அதே பண்டரிபுரம்தான். ஒன்றரை வயசில் தாயார் ஜைனப் இறந்துவிட்டார். அம்மாவின் போட்டோ ஒன்றுகூட இல்லை. அம்மா முகமே தெரியாமல் வளர்ந்த பிள்ளை. பின்னாளில் அவர் வரைந்த பெண்கள் பலருக்கு முகம் இருக்காது. தாத்தாவுக்கு விளக்குச் செய்கிற தொழில். அந்த லாந்தர் விளக்கும் அவர் ஓவியங்களில் சாகிறவரைக்கும் வந்துகொண்டே இருந்தது. தகப்பனார் இந்தூரில் மில் வேலைக்குப் போக, பையனும் அங்கே வளர்ந்தார். அங்கேயே ஓவியப் பள்ளியில் கொஞ்சம் படித்தார்.

1930களில் பம்பாய் வந்தார். கையில் காசு இல்லை. கிடைத்த வேலை சினிமா பேனர் வரைவது. கூலி சதுர அடிக்கு நாலணா, மிஞ்சினால் ஆறணா. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆறடிக்குப் பத்தடி ஒரு பேனர் என்றால் 60 சதுர அடி. நாலணா வீதம் 240 அணா, அதாவது 15 ரூபாய். பல விநியோகஸ்தர்கள் அதையும் கொடுக்காமல் ஏமாற்றியிருக்கிறார்கள். இதை அப்பாவிடம் படித்துக் காட்டினபோது சிரித்தார். ஒரு தேர்தலுக்கு எழுதின தட்டிகளுக்கு இன்னும் அவருக்குப் பாக்கி வரணும்.

பேனர் வரைவது எப்படின்னு நம்மில் பலர் பார்த்திருக்க மாட்டோம். உள்ளங்கை அளவு போட்டோவில் பென்சிலால் கட்டம் போடுவாங்க. துணியிலும் அதே எண்ணிக்கையில் பெரிய கட்டம். ஒவ்வொரு கட்டமாக மாற்றணும். சாரத்தில் நிற்கிறவனுக்கு முழு முகம் தெரியாது. கண்ணுக்கு முன்னால் மூக்கின் ஒரு பக்கம்தான் இருக்கும், அதுவே ஓர் ஆள் உயரம். ஆனால் கீழே பஸ்ஸில் போகிறவனுக்கு ஒரே பார்வையில் எம்.ஜி.ஆர். தெரியணும். அளவெடுத்து ஸ்கேல் போட்டு வரைகிற மெக்கானிக்கல் மாணவனான எனக்கு இது எவ்வளவு கஷ்டம்னு புரியும்.

1941இல் உசேனுக்குக் கல்யாணம். மனைவி பெயர் ஃபஸிலா. குடும்பம் வந்ததும் மரச்சாமான் கடை ஒன்றில் குழந்தைகளுக்கான கட்டில், பொம்மை வடிவமைக்கிற வேலைக்குப் போனார். 1947இல் பம்பாய் கலைச் சங்கத்தின் கண்காட்சியில் அவர் ஓவியம் பரிசு பெற்றது. சூசா, ரசா, ஆரா, காடே, பாக்ரே என்ற இளைஞர்களின் முற்போக்கு ஓவியர் குழுவில் சேர்ந்தார். 1952இல் ஜூரிச்சில் கண்காட்சி, அப்புறம் புகழ்தான். இந்தப் பகுதியை எல்லாப் புத்தகமும் சொல்லும், நான் தாண்டிப் போகிறேன்.

இங்கே ஒரு நிமிஷம் அமெரிக்கா போய் வருவோம். அதே காலத்தில் நியூயார்க்கில் ஆண்டி வார்ஹோல் என்று ஒருத்தர் இருந்தார். வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளி குடும்பத்துப் பிள்ளை. செருப்புக் கம்பெனி விளம்பரத்துக்குப் படம் வரைந்து பிழைத்தவர். 1962இல் கடையில் விற்கிற சூப் டப்பாவை வரிசையாக வரைந்து வைத்தார், பாப் ஆர்ட் என்றார்கள். அப்புறம் கேமராவை எடுத்தார். ஒரு மனிதன் தூங்குவதை அஞ்சு மணி நேரத்துக்கு மேல் காட்டுகிற படம் ஒன்று. எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை ராத்திரி முழுக்க அசையாமல் காட்டுகிற, எட்டு மணி நேரம் ஓடுகிற படம் இன்னொன்று, அது 1964இல். பெரிய தியேட்டரில் இதெல்லாம் ஓடாது. சின்னக் கூடங்களில் நண்பர்கள் கூடிப் பார்ப்பார்கள். அண்டர்கிரவுண்ட் சினிமா என்று பேர் வைத்தார்கள். எட்டு மணி நேரம் கட்டடம் பார்க்க என்னால் முடியாது, உண்மையைச் சொல்கிறேன்.

நம் நாட்டில் அந்த மாதிரி முயற்சி ஒளிந்து மறைந்து நடக்கவில்லை, அரசாங்கப் பணத்திலேயே நடந்தது என்பதுதான் வேடிக்கை. பிலிம்ஸ் டிவிஷன் என்று மத்திய அரசின் படப் பிரிவு இருந்தது. தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் கட்டாயம் போடுகிற நியூஸ் ரீல் அவர்களுடையது. அது ஓடும்போது எங்க தாத்தா வெளியில் நின்று பீடி பிடிப்பாராம். 1960களின் நடுவில் ஜீன் பௌநகரி என்பவர் அங்கே பொறுப்புக்கு வந்தார். சினிமாவே எடுத்தறியாத உசேனிடம் கேமராவையும் ஆட்களையும் கொடுத்து உன் இஷ்டத்துக்கு எடு என்று விட்டார்.

உசேன் ராஜஸ்தான் போனார். பூந்தி, சித்தோர்கட், ஜெய்சல்மர். 1967இல் படம் வந்தது. ஓவியனின் கண்கள் வழியாக என்று பொருள் வருகிற ஆங்கிலப் பெயர். கால் மணி நேரம் சொச்சம், கறுப்பு வெள்ளை. ஆரம்பத்தில் உசேன் கதை எதுவும் இல்லை என்கிற மாதிரி கொஞ்சம் பேசுகிறார். அப்புறம் வசனமே கிடையாது. புல்லாங்குழல் வித்வான் விஜயராகவ ராவின் இசை மட்டும். கோட்டைச் சுவர், தண்ணீர், பெண்கள், மாடு. திடீரென்று ஒரு குடை, ஒரு லாந்தர், ஒரு செருப்பு. நடுநடுவே உசேன் கோடுகள். குடை ஏன் வந்தது, அந்தச் செருப்பு யாருடையது என்று கேட்டால் பதில் இல்லை.

முதல் தடவை போனில் பார்த்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன். இதற்கா பெர்லின் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி கொடுத்தார்கள் என்று நினைத்தேன். நம் தேசிய விருதிலும் அந்த வருஷத்தின் சிறந்த பரிசோதனைப் படம் இதுதான்.

அப்புறம் ஒருநாள் ராத்திரி அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் படித்தது மூணாங்கிளாஸ். கதை என்னன்னு கேட்கவே இல்லை. குடை வந்ததும் நிறுத்தச் சொன்னார். வெளிர்ச் சுவரில் கறுப்புக் குடையை வைத்தால் நாலு தெரு தள்ளியும் கண்ணில் படும், பேனர் வரைந்தவன் புத்தி இது என்றார். ரோட்டில் போகிறவனுக்குப் படத்தின் கதை தெரியாது, ஒரு பார்வையில் அவனை நிற்க வைக்கணும், இந்த ஆள் படம் முழுக்க அதைத்தான் செய்கிறார் என்றும் சொன்னார். விமரிசனம் எழுதினவர்கள் யாரும் எனக்கு இப்படிப் புரிய வைக்கவில்லை.

மீதி வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1964இல் இந்திக் கவிஞர் முக்திபோத் இறந்த துக்கத்தில் செருப்பை விட்டவர் கடைசிவரை பெரும்பாலும் வெறுங்காலோடுதான் நடந்தார். 1971இல் பிரேசில் நாட்டு சாவோ பாலோ கண்காட்சியில் பிக்காசோவோடு சேர்ந்து அழைக்கப்பட்டார், மகாபாரத ஓவியங்களைக் கொண்டு போனார். 1986இல் ராஜ்யசபா நியமன உறுப்பினர். 1991இல் பத்ம விபூஷண். சினிமா ஆசை மட்டும் போகவில்லை. 85 வயசில், 2000இல், மாதுரி தீட்சித்தை வைத்து கஜ காமினி எடுத்தார். 2004இல் தபு நடிக்க, நம்ம ஏ.ஆர். ரஹ்மான் இசையில் மீனாக்ஷி. இரண்டும் வசூலில் தோற்றவை. மீனாக்ஷியில் ஒரு பாட்டுக்கு முஸ்லிம் அமைப்புகள் எதிர்ப்புச் சொன்னதும் தியேட்டரிலிருந்து தானே எடுத்துவிட்டார்.

அதற்கு முன்பே வேறு பிரச்சினை. பல வருஷம் முன்னால் இந்துப் பெண் தெய்வங்களை ஆடையின்றி அவர் வரைந்த கோட்டோவியங்களை 1996இல் ஒரு இந்திப் பத்திரிகை வெளியிட்டது. பலர் மனம் புண்பட்டது. வழக்குகள் குவிந்தன. 1998இல் அவர் வீட்டில் புகுந்து தாக்கினார்கள். 2006இல் நாட்டை விட்டுப் போனார். 2008இல் டெல்லி உயர்நீதிமன்றம் வழக்குகளைத் தள்ளுபடி செய்தும் அவர் திரும்பவில்லை. எங்க பாட்டி அங்காளம்மன் கோயிலுக்குப் போகிறவர். அவருக்கு இந்த ஓவியங்களைக் காட்ட எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் தொண்ணூறு வயசுக் கிழவரை ஊரை விட்டு ஓட வைத்ததை என்னால் சரியென்று சொல்ல முடியவில்லை. 2010இல் கத்தார் குடியுரிமை வாங்கினார். 2011 ஜூன் 9 அன்று லண்டனில் இறந்தார், இங்கிலாந்திலேயே அடக்கம். பண்டரிபுரத்தில் ஒரு பிடி மண்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் நம்ம கோட்டைக்குப் போனோம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பிறகு ராஜகிரி அடிவாரத்தில் கூட்டம் அதிகமாகிவிட்டது. எல்லாரும் கல்யாண மகாலை முன்னால் வைத்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வீட்டிலிருந்து பழைய கறுப்புக் குடையைத் தூக்கி வந்திருந்தார், நான் வெயிலுக்குன்னு நினைத்தேன். நெற்களஞ்சியத்தின் சுவரோரம் அதை விரித்து வைத்துவிட்டு எட்டப் போய்ப் பார்த்தார். திரும்பி வந்து ஒரு சாண் தள்ளி வைத்தார். வெயில் நகர நகரக் குடையும் நகர்ந்தது. கீரிப்பிள்ளை ஒன்று குடை நிழலுக்கு வந்து நின்று போனது. அங்கே வேலை பார்க்கிறவர் என்னப்பா பண்றீங்கன்னு கேட்டதற்கு, சினிமா எடுக்கிறோம்னு அப்பா பதில் சொல்லிவிட்டார். நான் போனில் பிடித்துக்கொண்டே இருந்தேன். நாற்பது வினாடியில் சார்ஜ் போய்விட்டது. அந்த நாற்பது வினாடியில் கீரிப்பிள்ளை இல்லை.

— மூன்றாமாண்டு, எந்திரவியல் பிரிவு