மீகாமன் மல்சாக்

மேற்கிந்தியத் தீவுகளுள் யூனியன் என்பது ஒரு சிறு தீவு. ஹியூ மல்சாக் அங்கு 1886ஆம் ஆண்டில் பிறந்தார். அலையொலி கேட்டு வளர்ந்த அவர் இளமையிலேயே கப்பலேறினார். வேல்ஸ் நாட்டுச் சுவான்சி நகரில் கப்பல் செலுத்தும் கலையைப் பயின்றார். பின்னர் அமெரிக்காவில் குடியேறி, 1918ஆம் ஆண்டில் கப்பல் தலைவருக்குரிய சான்றும் பெற்றார்.

சான்று கைக்கு வந்தது, கப்பல் வரவில்லை. அவர் கறுப்பர் என்பதே காரணம். கறுப்பர்களே நடத்திய நிறுவனம் ஒன்றில் சிறிது காலம் பணியாற்றினார், அதுவும் நொடித்துப்போயிற்று. பிறகு ஏறத்தாழ 20 ஆண்டுகள் சமையற்கட்டே அவருக்கு வாய்த்த இடம். விண்மீன்களை நோக்கித் திசையறியக் கற்றவர் அகப்பை பிடித்து நின்றார்!

இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் வணிகக் கப்பல்களை வேட்டையாடின. புதிய கப்பல்கள் விரைந்து கட்டப்பட்டன, செலுத்துவோர் போதவில்லை. 1942ஆம் ஆண்டில் அரசு 'புக்கர் டி. வாஷிங்டன்' என்னும் கப்பலை மல்சாக்குக்கு அளிக்க முன்வந்தது. அப்போது அவருக்கு வயது 56. வாழ்நாளெல்லாம் காத்திருந்த வாய்ப்பு அது. எனினும், கறுப்பரை மட்டும் தனியே பிரித்துப் பணியமர்த்தும் கப்பலாயின் தாம் ஏற்பதற்கில்லை என்று உறுதியாகக் கூறிவிட்டார். அரசு இணங்கியது. பல நாட்டினரும் பல நிறத்தினரும் அக்கப்பலில் ஒருங்கே உழைத்தனர். அது 22 பயணங்கள் சென்று மீண்டது. ஏறத்தாழ 18,000 போர்வீரரைச் சுமந்தது.

அத்தகைய கப்பல்களில் பீரங்கி இயக்கக் கடற்படையினரும் இருந்தனர். குண்டு வீழ்ந்தால் இரு சாராரும் ஒருங்கே மடிவர். அமெரிக்க வணிக மாலுமிகளுள் 8,000க்கும் மேற்பட்டோர் அப்போரில் உயிர் துறந்தனர். ஆயினும் போர்வீரர்க்குக் கல்வியும் வீட்டுக் கடனும் வழங்கிய 1944ஆம் ஆண்டுச் சட்டம் பீரங்கியாளரைச் சேர்த்துக்கொண்டது, மாலுமிகளை விட்டுவிட்டது. ஒரே தளத்தில் நின்றவருள் ஒருவர் வீரர், மற்றவர் கூலியாள் எனப்பட்டது விந்தையே.

போருக்குப்பின் மல்சாக்குக்கு மீண்டும் கப்பல் கிட்டவில்லை. அரசியல் ஐயத்தால் கடற்பணி உரிமையும் பறிபோயிற்று. 1960ஆம் ஆண்டில் நீதிமன்ற ஆணையால் அதனை மீட்டபோது அவருக்கு வயது 74. அவ்வயதிலும் துணைத் தலைவராக இரவுக் காவற்பணி ஏற்றுக் கப்பலேறினார். 1971ஆம் ஆண்டில் மறைந்தார்.

வணிக மாலுமிகளோ வழக்காடுவதை விடவில்லை. 1987ஆம் ஆண்டில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு சனவரியில், போர்க்காலத்தில் கடலோடிய அம்மாலுமிகளும் முன்னாள் படைவீரரே என அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது. அதற்குள் மல்சாக் மறைந்து 17 ஆண்டுகள் ஆகியிருந்தன.